பேச்சிழந்த மூளைக்கு மின்தூண்டல்: ஒரு கூட்டு மருத்துவத்தின் வரலாறு

பக்கவாதம் என்றதும் கைகால் விளங்காமல் போவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டோ வெடித்தோ போனபின் பிழைத்து எழுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மொழியையும் இழக்கிறார். நாக்கும் தொண்டையும் நன்றாக இருக்கும், காது கேட்கும், எதிரில் நிற்பது மகள் என்பதும் தெரியும். அவள் பெயர் மட்டும் வாயில் வராது. சிலருக்குப் பேச்சு தடையின்றி ஓடும், ஆனால் அதில் பொருள் இருக்காது. மருத்துவர்கள் அஃபேசியா என்று அழைக்கும் இந்நிலைக்குத் தமிழில் பேச்சிழப்பு, மொழியிழப்பு என்ற இரு சொற்களும் வழங்குகின்றன. படிப்பதும் எழுதுவதும்கூடப் பாதிக்கப்படுவதால் இரண்டாவது சொல்லே கூடுதலாகப் பொருந்தும்.

மொழியிழப்பைத் தீர்க்கும் மாத்திரை எதுவும் இல்லை. சொல்லை மீண்டும் மீண்டும் பழக்கும் பேச்சுப் பயிற்சிதான் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் மருத்துவம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பயிற்சியுடன் மெல்லிய மின்னோட்டத்தையோ காந்தத் துடிப்பையோ சேர்த்துத் தரும் முயற்சி தொடங்கியது. தனித்தனியே வளர்ந்த இரண்டு வரலாறுகள் சேருமிடம் அது.

பிசேத்ர் மருத்துவமனையின் இரு நோயாளிகள்

பாரிசுக்கு அருகில் உள்ள பிசேத்ர் மருத்துவமனையில் 1861 ஏப்ரலில் லெபோர்ஞ் என்ற 51 வயது நோயாளி, காலில் புரையோடிய புண்ணுக்காக அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் கொண்டுவரப்பட்டார். அவர் 21 ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்தவர். எதைக் கேட்டாலும் “டான், டான்” என்பார். கோபம் முற்றினால் ஒரு வசைமொழி முழுதாக வரும். கேட்பதைப் புரிந்துகொள்வார், எண்களை விரலால் காட்டுவார். சில நாட்களில் அவர் இறந்தார். புரோக்கா மூளையைத் திறந்து பார்த்தபோது இடது நெற்றிமடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அடுத்த நாளே அதைப் பாரிஸ் மானிடவியல் கழகத்தின் முன் வைத்தார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் லெலோங் என்ற 84 வயது முதியவர் வந்தார். ஓராண்டுக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர் அவர். ஆம், இல்லை, மூன்று, எப்போதும், தன் பெயரின் சிதைந்த வடிவம் ஆகிய ஐந்து சொற்களே அவரிடம் எஞ்சியிருந்தன. அவருடைய மூளையிலும் அதே இடம்தான் கெட்டிருந்தது. இன்று அவ்விடம் புரோக்கா பகுதி எனப்படுகிறது. பாதுகாத்து வைக்கப்பட்ட இவ்விரு மூளைகளையும் 2007-இல் நீனா டிரான்கர்ஸ் குழுவினர் காந்த அலைப் படமாக எடுத்துப் பார்த்தனர். சேதம் புரோக்கா எழுதியதைவிட மிக ஆழமாகச் சென்றிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த மேற்பரப்பை மட்டுமே அவர் விவரித்திருந்தார்.

1874-இல் 26 வயதான கார்ல் வெர்னிக்கே, மொழியைப் புரிந்துகொள்ளும் திறனுக்கு இடது பொட்டுமடலின் பின்பகுதி தேவை என்று காட்டினார். பாடநூல்களில் இவ்விரு பெயர்களும் இரட்டையராகவே வருகின்றன. ஆனால் புரோக்கா 1865-இல் எழுதிய வேறொரு செய்தியைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மொழிக்கு இடது அரைக்கோளமே பொறுப்பு என்று சொன்ன அதே கட்டுரையில், இடப்பக்கம் கெட்டவருக்கு வலப்பக்கம் அந்த வேலையை ஏற்கக்கூடும் என்றும், குழந்தைக்குப் பேசக் கற்றுத்தரும் தாயின் சலியாத பொறுமையுடன் நோயாளியைப் பழக்கினால் பலன் கிட்டும் என்றும் அவர் கருதினார். பேச்சுப் பயிற்சி என்ற எண்ணத்தின் விதை அது.

வலப்பக்கம் உதவும் என்பதற்குச் சான்றும் விரைவில் கிடைத்தது. லண்டன் மருத்துவர் தாமஸ் பார்லோ 1877-இல் பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் வரலாற்றை வெளியிட்டார். இடப்பக்க மூளை தாக்கப்பட்டபோது பேச்சை இழந்த சிறுவன் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றான். பின்னர் வலப்பக்கத்தில் அதற்கு நேரான இடம் தாக்கப்பட்டதும் பேச்சு மறுபடியும் போயிற்று. இரண்டாம் தாக்குதலில் போனதென்றால், இடையில் பேசியது வலப்பக்கம்தான் என்று கொள்ள இடமுண்டு. இந்தச் சிறுவனின் கேள்வி 130 ஆண்டுகளுக்குப் பின் மின்தூண்டல் ஆய்வாளர்களின் முன் மறுபடியும் வந்து நிற்கப்போகிறது.

போர்கள் வளர்த்த பயிற்சி

பிலடெல்பியாவின் சார்லஸ் மில்ஸ் 1904-இல் பயிற்சியால் மொழியிழப்பைத் திருத்துவது பற்றி எழுதினார். ஆயினும் இது ஒரு தொழிலாக வளரப் போர்கள்தாம் காரணம். முதல் உலகப்போரில் தலையில் குண்டடிபட்டு, உயிர் பிழைத்து, பேச்சிழந்து திரும்பிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதுவரை மொழியிழப்பு முதியவர்களின் நோயாகவே பார்க்கப்பட்டது. சில மாதங்களில் இறந்துவிடுவார் என்று எண்ணப்பட்டவருக்கு யாரும் பள்ளி நடத்த முன்வரவில்லை. இருபது வயதுப் படைவீரனை அப்படி விட்டுவிட முடியாது. பிராங்பர்ட்டில் குர்ட் கோல்ட்ஸ்டைன் இவர்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். இரண்டாம் உலகப்போரில் அலெக்சாண்டர் லூரியா, உரால் மலைப்பகுதியில் ஒரு மருத்துவமனையில் சோவியத் வீரர்களுக்குப் பயிற்சி முறைகளை உருவாக்கினார். அமெரிக்காவில் ஜோசப் வெப்மன் படைவீரர்களிடம் கண்டதை 1951-இல் நூலாக்கினார். மினியாபொலிசில் ஹில்ட்ரட் ஷூயெல், சொல் அழிந்துவிடவில்லை, அதை அடையும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்ற கொள்கையில் ஒலியாலும் படத்தாலும் திரும்பத் திரும்பத் தூண்டும் முறையை வகுத்தார்.

1973-இல் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகியோர் இன்னொரு வழியைத் திறந்தனர். பேச முடியாதவர்கள் சிலர் பாடுகிறார்கள் என்பது பழைய செய்தி. சொற்றொடரை இராகம்போல் இழுத்து, இடது கையால் தாளம் தட்டியபடி சொல்லவைத்து, பின் மெல்ல மெல்ல இராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குவது இவர்கள் முறை.

இவையெல்லாம் உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்ற ஐயமும் கூடவே வளர்ந்தது. 1984-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நடந்த பெரிய சோதனையில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு அது பேரிடி. ஆனால் அங்கே தரத் திட்டமிட்ட பயிற்சி வாரம் 2 மணி நேரம். பலர் அதையும் முழுதாகப் பெறவில்லை. சஞ்சித் போகல் குழுவினர் 2003-இல் பழைய சோதனைகளை ஒப்பிட்டபோது விடை தெளிவானது. பலன் கண்ட சோதனைகளில் சராசரியாக வாரத்துக்கு 8.8 மணி நேரம், சுமார் 11 வாரம் பயிற்சி தரப்பட்டிருந்தது. பலனற்றவற்றில் வாரத்துக்கு 2 மணி நேரம், சுமார் 23 வாரம். மொத்த நேரத்தைப் பெருக்கிப் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல இருமடங்குதான். செறிவுதான் பெரிதும் மாறியிருந்தது. 2017-இல் ஜெர்மனியில் 70 வயதுக்குட்பட்ட 150-க்கும் மேற்பட்ட நாட்பட்ட நோயாளிகளிடம், வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி தந்து, அன்றாட உரையாடல் மேம்படுவதைக் கேத்தரீனா பிரைட்டன்ஸ்டைன் குழு நிறுவியது.

ஆக, பயிற்சி பலிக்கும், ஆனால் நிறைய வேண்டும். வாரம் 10 மணி நேரம் ஒரு வல்லுநருடன் உட்கார வசதியுள்ள குடும்பங்கள் எந்த நாட்டிலும் குறைவு. அதே நேரத்தில் கூடுதல் பலன் பெற முடியுமா என்ற கேள்வி மின்தூண்டலின்மேல் இவ்வளவு ஆர்வம் எழக் காரணமானது.

மின்சாரம் மூளைக்கு வந்த வழி

தலைநோய்க்கு மின்சாரம் தருவது மிகப் பழைய பழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத் தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை நெற்றியில் வைக்கச் சொன்னார். வோல்ட்டா 1800-இல் மின்கல அடுக்கைச் செய்தபின் நிலையான மின்னோட்டம் கைக்கு வந்தது. கால்வானியின் உடன்பிறந்தாள் மகன் ஜொவான்னி ஆல்டினி அதை மனச்சோர்வு நோயாளிகளின் தலையில் பாய்ச்சினார். 1803-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலிலும் பாய்ச்சிக் கூட்டத்தைத் திகைக்கவைத்தார். மருத்துவமும் வேடிக்கையும் கலந்திருந்த காலம் அது. தெருவோர மின்வைத்தியர்களின் கையில் அகப்பட்டதால் இத்துறையின் பெயர் கெட்டது.

அறிவியல் அடித்தளம் 1870-இல் அமைந்தது. பெர்லினில் குஸ்டாவ் ஃபிரிட்ஷும் எட்வர்ட் ஹிட்சிக்கும் ஒரு வீட்டு மேசைமேல் நாயின் மூளைப் பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டபோது எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. பின்னர் மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்புநோய் அறுவையின்போது விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டு, எந்த இடத்தை வெட்டக்கூடாது என்று வரைபடம் வரைந்தார். அவர் கண்டது இவ்வரலாற்றில் முக்கியமானது. அசைவுப் பகுதியைத் தொட்டால் கை அசையும். மொழிப் பகுதியைத் தொட்டால் சொல் பிறக்காது. பேசிக்கொண்டிருப்பவரின் பேச்சு நிற்கும். மின்சாரத்தால் மொழியைக் குலைக்க முடிகிறது, சொல்லை உள்ளே வைக்க முடியவில்லை. மின்தூண்டலை மட்டும் தந்து பேச்சை மீட்கலாம் என்ற கனவுக்கு இதுவே வரம்பு.

மண்டையோட்டைத் திறக்காமல் தூண்டும் கருவிகள் இரண்டு வழியில் வந்தன. ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் 1985-இல் காந்தச் சுருளைத் தலைமேல் வைத்து ஒரு துடிப்பு விட்டபோது விரல் துள்ளியது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்ட விதிதான் அது. துடிப்புகளை நொடிக்கு ஒன்று என்ற மெதுவான விகிதத்தில் பல நிமிடம் விட்டால் அவ்விடத்தின் கிளர்ச்சி பொதுவாகக் குறையும். நொடிக்கு ஐந்து, பத்து என்று விரைவுபடுத்தினால் கூடும் என்பது பின்னர் தெரிந்தது.

இரண்டாம் வழி இன்னும் எளிது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் மைக்கேல் நிட்ஷேயும் வால்ட்டர் பௌலஸும் 2000-இல், உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலையில் வைத்து ஒரு மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்தினர். நேர்முனைக்கு அடியிலுள்ள மூளைப்புறணியின் கிளர்ச்சி கூடியது, எதிர்முனைக்கு அடியில் குறைந்தது. பத்து நிமிட அளவு செலுத்தினால் விளைவு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. இந்த மின்னோட்டம் நரம்பணுவைச் சுடவைப்பதில்லை. சுடுவதற்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தானாக எதையும் செய்யாமல், அப்போது வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்புகளுக்கு மட்டும் கைகொடுக்கிறது என்பது கருத்து. அப்படியானால் சொற்பயிற்சி நடக்கும் அதே நேரத்தில் மின்னோட்டமும் ஓட வேண்டும். கூட்டு மருத்துவத்தின் தருக்கம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

இரண்டும் சேர்ந்தன

முதல் அடியைக் காந்தம் எடுத்து வைத்தது. பாஸ்டனில் மார்கரெட் நேசர், பௌலா மார்ட்டின், அல்வாரோ பாஸ்குவல்-லியோன் ஆகியோர் 2005-இல் நான்கு நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டனர். நால்வரும் பக்கவாதம் வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள். இனி முன்னேற்றம் இல்லை என்று கைவிடப்பட்ட நிலை. இக்குழு தூண்டியது சேதமான இடப்பக்கத்தை அன்று. வலப்பக்கத்தில் புரோக்கா பகுதிக்கு நேரான இடத்தை, நொடிக்கு ஒரு துடிப்பாக, தினம் 20 நிமிடம், 10 நாள் தணித்தனர். மூளைப் படங்களில் அவ்விடம் மிகையாகக் கிளர்ந்திருப்பதைக் கண்டு, அது உதவுவதற்கு மாறாக இடையூறு செய்கிறது என்று ஊகித்ததே காரணம். இரண்டு மாதத்துக்குப் பிறகும் படங்களுக்குப் பெயர் சொல்லும் திறன் முன்னைவிடக் கூடியிருந்தது. ஆனால் ஒப்பிடப் போலிச் சிகிச்சை பெற்ற குழு அதில் இல்லை.

மின்னோட்டத்தின் முறை 2008-இல் வந்தது. மிலனில் அலெசியா மோன்ட்டி குழு எட்டு நோயாளிகளுக்குப் பயிற்சி எதுவுமின்றி 10 நிமிடம் மின்னோட்டம் மட்டும் தந்து, பெயர்சொல்லும் திறன் சற்று உயர்வதைக் கண்டது. 2010-இல் தென் கரோலினாவில் ஜூலி பேக்கர், கிறிஸ் ரோர்டன், யூலியஸ் ஃபிரிட்ரிக்சன் ஆகியோர் இரண்டையும் இணைத்தனர். பத்து நோயாளிகள் கணினித் திரையில் படத்தையும் சொல்லையும் பொருத்திப் பழகும்போதே, இடது நெற்றிமடலில் ஒரு மில்லியாம்பியர் 20 நிமிடம் ஓடியது. ஐந்து நாள் உண்மை மின்னோட்டம், ஐந்து நாள் போலி. போலி என்பது முதல் சில நொடிகள் மட்டும் ஓடி நின்றுவிடுவது. தோலில் குறுகுறுப்பு தோன்றி மறைவதால் நோயாளிக்கு வேறுபாடு தெரியாது. உண்மை மின்னோட்டம் பெற்ற நாட்களில் பலன் கூடுதலாக இருந்தது.

சிகாகோவில் லியோரா செர்னி இன்னும் துணிந்த வழியில் சென்றார். நான்கு நோயாளிகளுக்கு மண்டையோட்டைத் திறந்து மூளை உறைமேல் மின்முனை பதித்து, ஆறு வாரம் செறிந்த பயிற்சியுடன் தூண்டினார். வேறு நால்வருக்குப் பயிற்சி மட்டும். தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறினர். ஆயினும் அறுவையின் ஆபத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு அது வளரவில்லை.

வலப்பக்கம் துணையா, இடையூறா?

இந்த ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். பாஸ்டனில் ஒரு குழு வலது நெற்றிமடலைத் தணிக்கிறது. அதே ஊரில் கோட்ஃபிரீட் ஷ்லாக் குழு 2011-இல் இராகப் பயிற்சியின்போது வலது நெற்றிமடலைக் கிளப்பிவிட்டு, ஆறு நோயாளிகளிடம் பேச்சோட்டம் கூடுவதைக் காட்டியது. இரண்டும் பலிக்கின்றன என்றால் எதை நம்புவது?

முதல் கொள்கையின்படி இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று அடக்கிவைக்கின்றன. இடப்பக்கம் நலிந்ததும் வலப்பக்கம் கட்டின்றி மிஞ்சி, எஞ்சிய இடப்பக்கத்தையும் நசுக்குகிறது. கை அசைவு ஆய்வுகளிலிருந்து கடன் வாங்கிய இக்கொள்கை மொழிக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. பென்சில்வேனியாவில் பீட்டர் டர்கெல்டாப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாறு இதை நன்றாக விளக்குகிறது. வலது நெற்றிமடலின் குறிப்பிட்ட ஒரு புள்ளியைக் காந்தத்தால் தணித்தபோது அவருடைய பேச்சு முன்னேறியது. பின்னர் வலது அரைக்கோளத்திலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது, பேச்சு மோசமானது. வலப்பக்கத்தின் ஒரு பகுதி இடையூறாகவும் மற்றொரு பகுதி துணையாகவும் இருந்திருக்கிறது. பார்லோவின் சிறுவனுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. இடப்பக்கச் சேதம் சிறிதாக இருந்தால் அதன் ஓரங்கள் வேலையை ஏற்கின்றன; பெரிதாக இருந்தால் வலப்பக்கத்தை நம்ப வேண்டியிருக்கிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் பார்வை. எல்லோருக்கும் ஒரே இடத்தில் மின்முனை வைப்பது சரியாகாது.

பெரிய சோதனைகள் சொன்னது

எட்டுப் பேர், பத்துப் பேர் என்ற ஆய்வுகள் நம்பிக்கை தரலாம். மருத்துவமனை வழக்கத்தை மாற்ற அவை போதாது. 2013-இல் அலெக்சாண்டர் தீல், வுல்ஃப்-டீட்டர் ஹைஸ் குழுவினர் பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆன 24 பேரிடம், 20 நிமிடக் காந்தத் தூண்டலுக்குப் பின் உடனே 45 நிமிடப் பேச்சுப் பயிற்சி என 10 நாள் தந்தனர். வலது நெற்றிமடலில் தூண்டல் பெற்றவர்கள், ஒப்பீட்டுக்காக உச்சந்தலையில் தூண்டல் பெற்றவர்களைவிட நன்றாக மீண்டனர். மூளைச் செயற்பாடும் இடப்பக்கம் நோக்கித் திரும்பியிருந்தது. 2016-இல் மார்கஸ் மைன்சர் குழு ஜெர்மனியில் 26 நாட்பட்ட நோயாளிகளிடம் மொழிப் பகுதியை விட்டுவிட்டு, அதனோடு இணைந்து இயங்கும் அசைவுப் பகுதியை மின்னோட்டத்தால் தூண்டியது. சேதமடையாத இடம் என்பதால் எல்லோருக்கும் அதே புள்ளியைப் பயன்படுத்த முடிந்தது. ஆறு மாதம் கழித்தும் பலன் இருந்தது. அன்றாடப் பேச்சிலும் தெரிந்தது.

2018-இல் இரு பெரிய சோதனைகளின் முடிவுகள் வந்தன. நெதர்லாந்தில் கெரஸ்ட்டின் ஸ்பீல்மன் குழு, பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குட்பட்ட 58 பேரிடம் மின்னோட்டத்தைச் சோதித்துக் கூடுதல் பலன் எதுவும் காணவில்லை. தென் கரோலினாவில் ஃபிரிட்ரிக்சன் குழு 74 நாட்பட்ட நோயாளிகளிடம் 15 அமர்வுகள் நடத்தியது. உண்மை மின்னோட்டம் பெற்றவர்கள் சராசரியாக 13.9 சொற்களைக் கூடுதலாகச் சொன்னார்கள். போலி பெற்றவர்கள் 8.2 சொற்கள். இதை எழுபது விழுக்காடு கூடுதல் என்று செய்தித்தாள்கள் எழுதலாம். ஆனால் அச்சோதனை கேட்ட கேள்வி, மேற்கொண்டு ஆராய்வது வீண்வேலையா என்பது மட்டுமே. வீண் அன்று என்பது விடை. பலன் உறுதி என்பது வேறு முடிவு. அதற்கு இன்னும் பெரிய சோதனை வேண்டும். போலி மின்னோட்டம் பெற்றவர்களும் எட்டுச் சொற்கள் முன்னேறினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அது பயிற்சி மட்டும் தந்த பலன்.

காக்ரேன் அமைப்பு 2019-இல் 21 சோதனைகளையும் 421 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. பொருள்களின் பெயரைச் சொல்லும் திறன் கூடலாம் என்பதற்கு ஓரளவு சான்று இருந்தது. அன்றாட உரையாடல் மேம்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை. படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால் “சீப்பு” என்று சொல்வதும், மருந்துக்கடையில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவதும் ஒன்றல்ல. நோயாளியும் குடும்பமும் விரும்புவது இரண்டாவதை. ஆய்வகம் எளிதாக அளப்பது முதலாவதை.

மின்னோட்டம் மூளையை எவ்வளவு சென்றடைகிறது என்பதும் விவாதப் பொருளே. நியூயார்க்கில் ஜியோர்ஜி புசாக்கி குழு இறந்தவர்களின் தலைகளில் அளந்து, சுமார் 75 விழுக்காடு தோலிலும் தசையிலும் எலும்பிலுமே குறைந்துபோகிறது என்று 2018-இல் வெளியிட்டது. பக்கவாதத்தால் மூளையில் உண்டான குழியில் நீர் நிரம்பியிருக்கும். நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அங்கே மின்னோட்டம் எதிர்பாராத வழியில் திரும்பிவிடும். ஒவ்வொருவரின் மூளைப் படத்தையும் கணினியில் மாதிரியாக்கி மின்முனை இடத்தை முடிவுசெய்யும் முயற்சிகள் இதனால்தான் நடக்கின்றன.

அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் காந்தத் தூண்டலை மனச்சோர்வுக்கு ஏற்றது. மொழியிழப்புக்கு அத்தகைய ஏற்பு வரவில்லை. ஐரோப்பிய வல்லுநர் குழு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, தடுமாறிப் பேசும் வகை மொழியிழப்பு நாட்பட்டு நிலைத்தவர்களுக்கு வலது நெற்றிமடலில் மெதுவான காந்தத் துடிப்பு தருவதைப் பலிக்க வாய்ப்புள்ளது என்ற இரண்டாம் தரத்தில் வைத்தது. வலிப்பு வந்தவர்களுக்கும் தலைக்குள் உலோகம் இருப்பவர்களுக்கும் காந்தத் தூண்டல் ஆபத்தாகலாம் என்பதால் முன்பரிசோதனை கட்டாயம். ஒன்பது வோல்ட் மின்கலத்தில் இயங்கும் மின்னோட்டக் கருவிகளை இணையத்தில் வாங்கி வீட்டில் தாமே மாட்டிக்கொள்வோர் உண்டு. மின்முனை சில சென்டிமீட்டர் விலகினாலும் வேறு பகுதி தூண்டப்படும். பஞ்சு காய்ந்தால் தோல் புண்ணாகும். பக்கத்தில் அமர்ந்து சொல்லைப் பழக்குபவர் இல்லையென்றால் அந்த மின்னோட்டத்துக்குக் கைகொடுக்க அங்கே எதுவும் இருக்காது.